பட்டையைக் கூட்டுவதற்கு முன் எடையைப் பாருங்கள்: இரட்டை ஆக்ஸில் டிரெய்லரின் அடிப்பாகம் மாற்றும் முறை

டிரெய்லர் ஒரு பக்கமாகத் தாழ்ந்து நின்றால் பட்டறையில் முதலில் காதில் விழும் பேச்சு, "இன்னொரு பட்டை சேர்த்துடலாம்" என்பதுதான். பட்டை என்பது ஆக்ஸிலுக்கும் டிரெய்லர் சட்டத்துக்கும் நடுவே அடுக்காக இருக்கும் வில் போன்ற ஸ்பிரிங் தகடு. நான்கு பட்டை செட்டில் அதே கனம், அதே நீளத்தில் ஐந்தாவதைச் சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய கால் பங்கு கூடும். வண்டியும் நிமிர்ந்து நிற்கும். ஆனால் ஆக்ஸில் குழாய், பேரிங், பிரேக், ரிம், டயர் எல்லாம் பழையபடியே இருக்கும். இவற்றில் எது நோஞ்சானோ அது தாங்கும் எடைதான் டிரெய்லர் தாங்கும் எடை. பட்டை மட்டும் பலமானால் முன்பு பட்டையில் தெரிந்த பிரச்சினை பேரிங்கிலோ டயரிலோ போய்த் தெரியும். அதுவும் ஓடும்போது தெரியும்.

சிங்கப்பூரில் கேரவனை இழுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்ப்பது அபூர்வம். அதே அமைப்பில் அடிப்பாகம் உள்ள உணவு டிரெய்லர், நிகழ்ச்சி டிரெய்லர், படகு டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். இங்கே சொல்வது அமெரிக்க அளவில் வரும் இரட்டை ஆக்ஸில் அமைப்பு: பக்கத்துக்கு இரண்டு பட்டை செட், ஒவ்வொன்றின் இரு முனையிலும் கண், நடுவே எடையைப் பங்கிடும் ஈக்வலைசர். ஆஸ்திரேலிய டிரெய்லர்களில் பட்டையின் அகலமும் பேரிங்கும் வேறு. அதற்குக் கீழுள்ள எண்களை அப்படியே எடுக்காதீர்கள்.

எடை

டிரெய்லரை வேலைக்குப் போகும் நிலையில் ஏற்றுங்கள். தண்ணீர்த் தொட்டி, எரிவாயு சிலிண்டர், ஜெனரேட்டர், பாத்திரம் எல்லாம் உள்ளே இருக்கட்டும். எடைமேடையில் மூன்று எடை எடுக்க வேண்டும்: இழுக்கும் வண்டியோடு சேர்த்த நிலையில் டிரெய்லர் ஆக்ஸில்கள் மட்டும், இடப் பக்கச் சக்கரங்கள் மட்டும், கழற்றிவிட்ட முழு டிரெய்லர். முழு எடையில் ஆக்ஸில் எடையைக் கழித்தால் கொக்கியின் மேல் இறங்கும் எடை வரும்.

ஒரு கணக்கு. முழு எடை 2,900 கிலோ, கொக்கியில் 330, ஆக்ஸில்களில் 2,570. இரண்டும் 3,500 பவுண்டு ஆக்ஸில்கள். ஒன்று 1,588 கிலோ, இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 3,175 கிலோ. மேலோட்டமாகப் பார்த்தால் 81 சதவீதம்தான், கவலை இல்லை. ஆனால் அடுப்பும் 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் இடப் பக்கம். பக்கம் பிரித்தால் இடது 1,430, வலது 1,140. ஒரு சக்கரம் தாங்கக்கூடியது 794 கிலோ, இடப் பக்கச் சக்கரம் ஒவ்வொன்றிலும் 715. அந்தப் பக்கம் 90 சதவீதத்தில் ஓடுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது வரும் அடியைச் சேர்த்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட டிரெய்லருக்கு முதல் வைத்தியம் தொட்டியை நடுவுக்கு நகர்த்துவது. செலவும் குறைவு. அதன் பிறகும் எந்தச் சக்கரமாவது 85 சதவீதத்தைத் தாண்டினால் ஆக்ஸில் மாற்றும் பேச்சை எடுக்கலாம்.

ஆக்ஸிலைப் பெரிதாக்கினால் எல்லாமே மாறும்

3,500 பவுண்டிலிருந்து அடுத்த படி 5,200 பவுண்டு, அதாவது சுமார் 2,358 கிலோ. குழாயின் விட்டம் 60 மிமீயிலிருந்து 76 மிமீ ஆகும். ஆகவே பட்டையை ஆக்ஸிலோடு இறுக்கும் யூ போல்ட்டும் கீழ்த் தட்டும் புதிதாக வேண்டும். சக்கர போல்ட் 5 துளை, 114.3 மிமீ வட்டத்திலிருந்து 6 துளை, 139.7 மிமீக்குப் போகும். பழைய ரிம் உட்காராது. பிரேக் டிரம் 10 அங்குலத்திலிருந்து 12 அங்குலம் ஆவதால் 14 அங்குல ரிம்முக்கு இடமில்லை, 15 வேண்டும்.

டயரில்தான் பலர் சறுக்குகிறார்கள். எஸ்டி225/75ஆர்15 டயரில் 'டி' ரகம் 1,152 கிலோ தாங்கும், 'இ' ரகம் 1,284. புது ஆக்ஸிலில் ஒரு சக்கரத்தின் பங்கு 1,179 கிலோ. ஆக, 'டி' ரகம் போட்டால் அவ்வளவு செலவு செய்தும் டயரே தடையாக நிற்கும். டயரின் விட்டமும் 663 மிமீயிலிருந்து 719 மிமீக்கு ஏறும், சக்கரக் கூண்டில் 28 மிமீ கூடுதல் உயரம் பிடிக்கும். ஆக்ஸில் மையங்களுக்கு இடையே வழக்கமான 838 மிமீ இருந்தால் இரண்டு டயர்களுக்கும் நடுவே 119 மிமீதான் மிஞ்சும். டயருக்கும் கூண்டின் கூரைக்கும் நடுவே குறைந்தது 75 மிமீ விடுங்கள். இல்லையென்றால் முதல் வேகத்தடையிலேயே டயர் தகரத்தைத் தேய்க்கும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கண்ணுக்குக் கண் 641 மிமீ, அகலம் 44 மிமீ என்ற அளவிலேயே கனமான பட்டை செட்டுகளும் கிடைக்கின்றன. எனவே பட்டைகளை டிரெய்லர் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர்களை வெட்டி நகர்த்த வேண்டியதில்லை. பட்டையின் திறன் ஆக்ஸிலின் பாதியாக இருக்கட்டும்: 5,200 பவுண்டு ஆக்ஸிலுக்கு 2,600 பவுண்டு பட்டை. "கூடவே இருக்கட்டும்" என்று அதற்கு மேல் போகாதீர்கள். விறைத்த பட்டை அடியை வாங்காமல் சட்டத்துக்கே அனுப்பும். உள்ளே அலமாரி ஆணிகள் கழன்று விழும், ஹேங்கர் வெல்டிங்கின் ஓரத்தில் விரிசல் விடும்.

ஆர்டர் கொடுக்கும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்: இடது ஹப்பில் சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து வலது ஹப்பின் முகம் வரை, இடப் பட்டையின் நடுவிலிருந்து வலப் பட்டையின் நடு வரை, குழாயின் விட்டம், பட்டை ஆக்ஸிலுக்கு மேலே இருக்கிறதா கீழேயா, கொக்கி தரையிலிருந்து எவ்வளவு உயரம். முதல் இரண்டில் 10 மிமீ தவறினாலும் சக்கரம் சட்டத்தை உரசும், அல்லது கூண்டுக்கு வெளியே நிற்கும். ஒரே ஆள் இரண்டு முறை அளப்பதைவிட இரண்டு பேர் தனித்தனியாக அளந்து ஒப்பிடுவது நல்லது.

உயரம் வேண்டுமென்று பழைய ஆக்ஸிலையே தலைகீழாகத் திருப்பிப் போடுகிறவர்கள் உண்டு. ஆக்ஸில் குழாய் நேராக இருப்பதில்லை, நடுவில் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். சுமை ஏறியதும் அது நேராகும், டயர் சமமாகத் தேயும். திருப்பிப் போட்டால் வளைவு கீழே போய் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும். பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே கொண்டுபோக வேண்டுமானால் குழாயைத் திருப்பாமல் மேல் பக்கத்தில் பட்டை உட்காரும் புது இருக்கைகளை வெல்டிங் செய்ய வேண்டும்.

காகித வேலை

ஆக்ஸிலை மாற்றியதால் மட்டும் பதிவில் உள்ள அதிகபட்ச சுமையேற்றிய எடை உயர்ந்துவிடாது. 10,400 பவுண்டு தாங்கும் ஆக்ஸில்கள் அடியில் இருந்தாலும் சட்டப்படி பழைய எடைதான். வேறு திறனுள்ள ஆக்ஸில் போடும் எண்ணம் இருந்தால் பொருள் வாங்கும் முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டு, ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பரிசோதனை நிலையத்தில் போய் நின்றுகொண்டு விளக்கம் சொல்வது கஷ்டம். தேய்ந்த பட்டை, புஷ் (பட்டைக் கண்ணுக்குள் இருக்கும் வளையம்), ஷாக்கிள் (பட்டைக் கண்ணை ஈக்வலைசரோடு இணைக்கும் தகடு) இவற்றை அதே அளவில் மாற்றுவது சாதாரணப் பழுதுவேலை.

இது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் செய்கிற வேலையும் இல்லை. சமமான சிமெண்டுத் தரை, நான்கு பக்கமும் ஆள் நடக்க இடம், வெல்டிங் வசதி மூன்றும் உள்ள பட்டறையைக் காக்கி புக்கிட், சின் மிங், துவாஸ் பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை

ஆக்ஸில் 2, பட்டை செட் 4, யூ போல்ட் 8, அதற்கு நட் 16, கீழ்த் தட்டு 4, ஈக்வலைசர் 2, ஷாக்கிள் தகடு 8, கிரீஸ் துளையுள்ள போல்ட் 14. வெண்கல புஷ் 10: பட்டைக் கண்களுக்கு எட்டு, ஈக்வலைசர் நடுவுக்கு இரண்டு. உங்கள் ஈக்வலைசரின் நுனித் துளைகளிலும் புஷ் இருந்தால் அதையும் சேருங்கள்.

யூ போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. ஒருமுறை இறுக்கியதில் அதன் மரை நீண்டிருக்கும், மறுமுறை அதே பிடி கிடைக்காது. ஒன்று குறைந்தால் ஜாலான் புசார் ஹார்டுவேர் கடைகளில் தேடலாம், ஆனால் அரை அங்குல மரையும் 12 மிமீ மரையும் வேறு வேறு. 12 மிமீ நட் அரை அங்குல போல்ட்டில் ஒரு சுற்று பிடிப்பதுபோல் பாசாங்கு செய்யும், பிறகு மரையைத் தின்றுவிடும். தலையில் குறியே இல்லாத போல்ட்டை இங்கே போடாதீர்கள். அங்குல வகையில் மூன்று கோடாவது இருக்க வேண்டும், மெட்ரிக்கில் 8.8.

உண்மையில் தேய்வது எங்கே

ஒரு பழைய ஷாக்கிள் போல்ட்டைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். இரு முனையும் முழு கனத்தில் இருக்கும். நடுவில், பட்டைக் கண் உட்கார்ந்த இடத்தில், உடுக்கை இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். ஷாக்கிள் தகட்டின் துளை வட்டமாக இராது, முட்டை வடிவில் நீண்டிருக்கும். கண்ணுக்குள் இருந்த நைலான் புஷ்ஷில் காகிதம் போல ஒரு வளையம்தான் மிச்சம், சில நேரம் அதுவும் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் சாதாரண அமைப்பில் கிரீஸ் போட வழியே கிடையாது. நைலான் தேய்ந்ததும் இரும்பும் இரும்பும் உரசும். கடைசியில் தகடு அறுந்தால் அந்தப் பக்க ஆக்ஸில் பின்னே போய் இரண்டு டயர்களும் ஒன்றையொன்று உரசும்.

அதனால் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால் வெண்கல புஷ், கிரீஸ் போல்ட், கனமான ஷாக்கிள் தகடு இவற்றை முதலில் போடுங்கள். ஆக்ஸில் அடுத்த வருடம் ஆகட்டும். வண்டி "ஆடுகிறது", "சத்தம் போடுகிறது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

அடுத்த பலவீனம் ஹேங்கர். இரட்டை ஆக்ஸில் டிரெய்லரைக் குறுகிய இடத்தில் திருப்பினால் முன் சக்கரம் ஒரு பக்கமும் பின் சக்கரம் எதிர்ப் பக்கமும் தரையில் இழுபடும். உணவங்காடியின் பின்னால் சரக்கு இறக்கும் இடத்தில் பின்னுக்கு எடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், டயர் பிதுங்குவது கண்ணுக்கே தெரியும். அந்த விசை முழுக்க ஹேங்கரைப் பக்கவாட்டில் வளைக்கும். நீளமான ஹேங்கர் என்றால் இடது, வலது ஹேங்கர்களை இணைத்து ஒரு குறுக்குச் சட்டம் வெல்டிங் செய்வது நல்லது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எர்த் கிளிப்பை வெல்டிங் செய்யும் ஹேங்கரிலேயே மாட்டுங்கள். சக்கரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். பட்டையின் மேல் மட்டும் வெல்டிங், கட்டிங் எதுவும் கூடாது. சூடு பட்ட இடத்தில் பட்டையின் பதம் போய் அங்கேயே ஒடியும்.

கழற்றுதல்

முந்தின நாள் மாலையே எல்லா நட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். எரிவாயு சிலிண்டர்களை டிரெய்லரிலிருந்து இறக்கித் தள்ளி வையுங்கள், கிரைண்டர் பொறி அவ்வளவு தூரம் பறக்கும். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள். டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு பூட்டி, அந்த வண்டியின் கைப்பிரேக்கைப் போட்டு, அதன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். டிரெய்லர் சக்கரங்களைத்தான் கழற்றப்போகிறோம், அங்கே கட்டை வைத்துப் பயனில்லை.

ஜாக்கியை நீளச் சட்டத்தின் அடியில், ஹேங்கருக்கு அருகே வையுங்கள். ஆக்ஸில் குழாயின் நடுவில் ஒருபோதும் வைக்காதீர்கள், குழாய் வளைந்துவிடும். சட்டத்தின் நான்கு இடத்தில் 3 டன் ஸ்டாண்டுகளை நிறுத்தி, எடையை அவற்றின் மேல் இறக்கி, கையால் ஒருமுறை தள்ளி ஆட்டிப் பார்த்த பிறகே கீழே போகலாம். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டியின் அடியில் தலையை நீட்டாதீர்கள்.

பிரேக் வயரை வெட்டும் முன் எது எங்கே போகிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரம், வயர், யூ போல்ட், கடைசியாக ஷாக்கிள். யூ போல்ட்டின் கடைசி நட்டைக் கழற்றும்போது ஆக்ஸிலின் அடியில் இன்னொரு ஜாக்கி தாங்கலாக இருக்கட்டும். ஒரு ஆக்ஸில் கையால் பிடிக்கும் கனம் இல்லை.

எல்லாம் இறங்கியதும் ஹேங்கர் துளைகளைப் பாருங்கள். துளை நீண்டிருந்தால் புது போல்ட்டின் தலைக்கடியில் உள்ள பற்கள் பிடிக்காமல் போல்ட்டே சுழலும். அந்த ஹேங்கரை மாற்றுங்கள். கம்பித் தூரிகையால் வெல்டிங் ஓரங்களைச் சுத்தம் செய்து விரிசல் தேடுங்கள். துருவுக்கு நடுவே மெல்லிய பழுப்புக் கோடு ஓடினால் அது விரிசல்தான்.

பூட்டுதல்

முதலில் புஷ்களை நேராக அழுத்தி ஏற்றுங்கள். சுத்தியால் அடித்தால் வெண்கலத்தின் விளிம்பு பிதுங்கி போல்ட் நுழையாது. ஹேங்கரில் பட்டை, ஈக்வலைசரில் ஷாக்கிள் என்று மாட்டுங்கள். போல்ட்டின் கிரீஸ் துளை கடிகாரத்தின் 3 அல்லது 9 மணித் திசையைப் பார்க்க வேண்டும். மேலும் கீழும் சுமை அழுத்தும், துளை அங்கே இருந்தால் அடைபட்டுக் கிரீஸ் வெளியே வராது. போல்ட்டின் பற்கள் ஹேங்கரில் பிடித்து உட்கார வேண்டும், பட்டையும் ஷாக்கிளும் தடையின்றி அசைய வேண்டும். தோள் உள்ள ஷாக்கிள் போல்ட்டுக்கு 41 முதல் 68 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் போனால் ஷாக்கிள் தகடு பட்டையை நெரித்து அசையவிடாது.

இப்போது ஆக்ஸிலை, மேல் பக்கம் மேலே இருக்கிறதா என்று பார்த்து, ஜாக்கியில் தூக்குங்கள். பட்டைகளை ஒன்றாகக் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை இருக்கையின் துளைக்குள் முழுதாக இறங்க வேண்டும். விரலால் தடவிப் பாருங்கள், இடைவெளி இருந்தால் இன்னும் உட்காரவில்லை. யூ போல்ட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்கி 61 முதல் 95 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். அரை அங்குல யூ போல்ட்டுக்கு இது. காற்றுத் துப்பாக்கியால் முடித்துவிட்டு நகராதீர்கள், டார்க் ரெஞ்ச் வேண்டும். சென்டர் போல்ட் ஆக்ஸிலை இடத்தில் நிறுத்துவதற்கு மட்டும். பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்திலும் வரும் விசையைத் தாங்குவது யூ போல்ட்டின் பிடி. அது தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் நகரும், இல்லையென்றால் பட்டை அந்தத் துளையிலேயே முறியும். சென்டர் போல்ட் துளையில் முறிந்த பட்டையைப் பார்த்தால் சுமையைக் குற்றம் சொல்லும் முன் யூ போல்ட்டைச் சோதியுங்கள்.

நேர் பார்ப்பது எளிது, ஆனாலும் பலர் விட்டுவிடும் வேலை. கொக்கியின் மையத்திலிருந்து முன் ஆக்ஸிலின் இட முனைக்கும் வல முனைக்கும் இரும்பு டேப்பில் அளவெடுங்கள். வித்தியாசம் 3 மிமீக்குள் இருக்க வேண்டும். பிறகு இரண்டு ஆக்ஸில்களுக்கும் நடுவே இடப் பக்கமும் வலப் பக்கமும். இங்கே 1.5 மிமீக்குள். தாண்டினால் யூ போல்ட்டைத் தளர்த்தி நகர்த்தப் பார்ப்பது வீண், சென்டர் போல்ட் விடாது. ஹேங்கரின் இடத்தைத்தான் திருத்த வேண்டும்.

பேரிங், பிரேக்

புது ஆக்ஸிலில் பேரிங் கிரீஸ் போட்டே வந்திருந்தாலும் ஒருமுறை திறந்து பாருங்கள். லித்தியம் காம்ப்ளெக்ஸ், 2ஆம் எண் கிரீஸ் நல்லது. ஏற்கெனவே இருப்பது வேறு வகை என்றால் கலக்காமல் கழுவிவிட்டுப் போடுங்கள், சில வகைகள் கலந்தால் நீர்த்து ஓடிவிடும். ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நடு நட்டை 68 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கி உருளைகளை உட்கார வையுங்கள். பிறகு ஹப்பைச் சுழற்றாமல் நட்டை முழுக்கத் தளர்த்தி, விரலால் மட்டும் முடுக்கி, காட்டர் பின் போடுங்கள். துளை பொருந்தவில்லையென்றால் நட்டைப் பின்னுக்கே திருப்புங்கள், இறுக்குகிற பக்கம் வேண்டாம்.

மின் பிரேக் என்றால் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி செட். சிறிய லைனிங் உள்ள ஷூ முன் பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் பிரேக் பிடிக்கும், ஆனால் பாதிதான் பிடிக்கும். சக்கரம் சுழலாமல் பிடிக்கும் வரை, பிரேக்கைச் சரிசெய்யும் நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி, பத்து சொடுக்கு பின்னே விடுங்கள். நான்கு சக்கரங்களின் பிரேக் காந்தங்களும் சேர்ந்து சுமார் 12 ஆம்பியர் இழுக்கும். பழைய மெல்லிய வயரை அப்படியே விட்டால் கடைசிச் சக்கரத்துக்கு வோல்டேஜ் போய்ச் சேராது.

படகு டிரெய்லருக்கு ஒரு சங்கதி. ஓடி வந்த சூட்டோடு ஹப்பைக் கடலில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாக உப்புநீரை உள்ளே இழுக்கும். பொங்கோலிலோ துவாஸிலோ சரிவுத்தளத்துக்கு வந்ததும் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். திரும்பியதும் பட்டைகளுக்கு நடுவே நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், உப்பு தங்குவது அங்கேதான்.

முதல் ஓட்டம்

சக்கர நட்டுகளை நட்சத்திர வரிசையில் மூன்று சுற்றாக இறுக்குங்கள்: முதலில் 27 முதல் 34, அடுத்து 68 முதல் 81, கடைசியில் 122 முதல் 163 நியூட்டன் மீட்டர். 16, 40, 80 கிலோமீட்டரில் மறுபடி பாருங்கள். துவாஸிலிருந்து சாங்கிக்குப் போய்த் திரும்பினால் மூன்றாவது சோதனைக்கான தூரம் வந்துவிடும். யூ போல்ட்டையும் அப்போதே பாருங்கள், புதுப் பட்டை அமுங்கி உட்காரும்போது பிடி கொஞ்சம் தளரும். சோதித்த நட்டுகளின் மேல் வெள்ளை பெயிண்டால் நட்டையும் தட்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டால், அடுத்த முறை குனிந்து பார்த்ததுமே எது சுழன்றிருக்கிறது என்று தெரியும்.

வண்டியை நிறுத்தியதும் நான்கு ஹப்பையும் புறங்கையால் தொடுங்கள். எல்லாம் வெதுவெதுப்பாக, ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அந்தச் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். உரசும் சத்தம் கேட்டால் பிரேக்கை இரண்டு சொடுக்கு தளர்த்துங்கள். சத்தமில்லாமல் கனமாகச் சுழன்றால் நடு நட் இறுகியிருக்கிறது, மூடியைத் திறந்து விரல் முடுக்கிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.